சம்பளம் வரவில்லை என்று பையன் சொன்னால் நம்புங்கள்

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும்,

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். நம் அறந்தாங்கிப் பக்கத்துப் பையன்கள் இங்கே கட்டும் கட்டடங்களின் படங்கள் உங்கள் போனுக்கு வந்துவிடுகின்றன. சில கம்பெனிகள் அவர்களை நடத்தும் விதம்தான் ஊர் வந்து சேர்வதில்லை.

நான் முதலில் சேர்ந்த கம்பெனியில் சம்பளத் தேதி என்று ஒன்று கிடையாது. மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும், 14 நாளுக்குள் ஓவர்டைம் காசும் கொடுத்தாக வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். எங்களுக்கோ அவ்வப்போது 'அட்வான்ஸ்' என்று 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரும். கேட்டால், 'மெயின் கான்ட்ராக்டர் இன்னும் பேமென்ட் விடல' என்பார்கள். கான்ட்ராக்டர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், செய்த வேலைக்குக் கூலி தர வேண்டியது கம்பெனிதான்.

ஓவர்டைமில் நடந்தது அதைவிடக் கொடுமை. அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 18 வெள்ளி. ஒன்றரை மடங்காக வர வேண்டிய ஓவர்டைம்தான் குடும்பத்துக்கு அனுப்பும் காசு. டைம்கார்டை நிரப்புவது சூப்பர்வைசர். இரவு 10 மணி வரை கான்கிரீட் போட்டிருப்போம், கார்டில் 7 என்று இருக்கும். அதிகாலையில் கட்டிய சாப்பாட்டுப் பொட்டலம் மதியம் பிரிக்கையில் புளித்திருக்கும், அதற்கும் சம்பளத்தில் பிடித்தம். மாதக் கடைசியில் தொகை எழுதாத வவுச்சரை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். திருவாரூர்த் தம்பி ஒருவன், 'எவ்வளவுன்னு எழுதிக் குடுங்க சார், போடுறேன்' என்றான். அந்த வாரம் முழுக்க அவனுக்கு ஓவர்டைம் இல்லை. அதைப் பார்த்த பிறகு மற்றவர்கள் பேசாமல் கையெழுத்துப் போட்டார்கள். வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கவும் எங்களிடமே காசு வாங்கினார்கள். அப்படி வாங்குவது இங்கே குற்றம்.

பையன்கள் வாய் திறக்காததற்கு மேனேஜர் மேலுள்ள பயம் மட்டும் காரணமில்லை. உங்களுக்கும் பயப்படுகிறார்கள். ஏஜென்டுக்குக் கட்டிய பணத்துக்காக நகை அடகில் இருக்கிறது, வட்டி ஏறுகிறது. தயங்கித் தயங்கிப் போனில் சொன்னால், 'அனுசரிச்சுப் போப்பா, மொதலாளியப் பகைச்சுக்காத, தங்கச்சி கல்யாணம் முடியட்டும்' என்கிறீர்கள். பாசத்தில் சொல்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் சம்பளப் புகாருக்குக் கெடு உண்டு. வேலையில் இருக்கும்போது ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். வேலையை விட்டால் கடைசி நாளிலிருந்து 6 மாதம்தான். கல்யாணம் முடியட்டும் என்று பொறுத்தவனுக்குப் பழைய மாதங்களின் கூலி போனது போனதுதான். கம்பெனிக்கும் இது நன்றாகத் தெரியும். 'அடுத்த மாசம், அடுத்த மாசம்' என்று இழுப்பதே அதற்குத்தான்.

பையன் விமானம் ஏறும் முன் ஐபிஏ தாளை, அதாவது வேலை பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தமிழிலும் வருகிறது. அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். ஏஜென்ட் வாயால் சொல்லும் சம்பளம் இங்கே செல்லாது, அந்தத் தாளில் உள்ளதே செல்லும். ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். 2016 ஏப்ரல் முதல் இங்கே பேஸ்லிப் கொடுப்பது கட்டாயம். மாதாமாதம் அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் பையனே தினமும் ஒரு நோட்டில் குறிக்கட்டும். திருவாரூர்த் தம்பி அப்படி எழுதிய நோட்டோடுதான் மனிதவள அமைச்சில் புகார் கொடுத்தான். கம்பெனியின் டைம்கார்டும் அவன் நோட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டபோது கணக்கரால் பதில் சொல்ல முடியவில்லை. பாக்கியில் பெரும்பகுதி அவன் கைக்கு வந்தது. நல்ல கம்பெனி ஒன்றில் இப்போது வேலையும் பார்க்கிறான்.

ஊரில் வட்டிக்குக் கொடுத்திருப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். புகார் நடக்கும்போது பையனுக்குச் சில மாதம் வேலை இல்லாமல் போகலாம். அந்த மாதங்களில் அவன் வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். தவணையைத் தள்ளிவையுங்கள். கூலி வந்ததும் உங்கள் பணமும் வரும்.

உங்கள் ஊர்ப் பிள்ளை,
சிங்கப்பூர்