ஈரச் சுவரும் ஈரமற்ற சட்டமும்

வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் வியாஜ்யம் நேருவது உலகில் புதிதன்று. கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் பொறுப்பு. குடித்தனக்காரர் கைபட்டுக் கண்ணாடி உடைந்தால் அவர் பொறுப்பு. ஆனால் சுவரில் பூசணம் பூத்தால் அது யார் பொறுப்பு? இக்கேள்விக்கு விடை காண ஆங்கிலச் சட்டம் பல்லாண்டு திண்டாடிய கதையை நேயர்கள் அறிவது நலம்.

குளிர் தேசத்து வீடுகளில், மூச்சுக் காற்றும் சமையல் ஆவியும் வெளியேற வழியின்றிச் சில்லிட்ட சுவரில் பட்டு நீராகின்றன. அந்த ஓதத்தில் கரிய பூசணம் படர்கிறது. அதன் துகள்கள் குழந்தைகளின் மார்பை வருத்துகின்றன.

வேல்ஸ் நாட்டில் டாஃப் ஈலி என்னும் உள்ளூராட்சி மன்றத்துக்குச் சொந்தமான வீட்டில் குடியிருந்த ஒருவர் இதற்காக வழக்குத் தொடுத்தார். உலோகச் சட்டமிட்ட ஜன்னல்களில் குளிர்காலமெல்லாம் நீர் கோத்து, துணிமணியும் படுக்கையும் இற்றுப் போயின. கீழ்க்கோர்ட்டில் அவர் வென்றார். 1985-ல் அப்பீல் கோர்ட்டு அதை மாற்றியது. சட்டப்படி வீட்டுக்காரர் செய்ய வேண்டியது பழுது பார்ப்பது, ஜன்னல் பழுதடையவில்லை, ஆகவே பார்க்கப் பழுதும் இல்லை! துணி கெட்டது மெய்தான், வீடு கெடவில்லையே!

வீடு மனிதர் வசிக்கத் தக்கதாயிருக்க வேண்டுமென்று வேறொரு விதியும் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஆண்டு வாடகை லண்டனில் 80 பவுனுக்கும் பிற இடங்களில் 52 பவுனுக்கும் மிகாத வீடுகளையே அது காத்தது. அத்தொகைக்கு வீடு கிடைத்த காலம் மலையேறிய பின்னும் விதி மாறவில்லை. இங்கிலாந்தில் 2018-ஆம் ஆண்டுச் சட்டந்தான் அவ்வரம்பை அகற்றியது.

அதன் பிறகும் ஒரு பச்சிளம் உயிர் போயிற்று. மாஞ்செஸ்டரை அடுத்த ராச்டேலில், சூடானிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்த குழந்தை அவாப் இஷாக். வீட்டில் பூசணம் இருப்பதாகத் தந்தை 2017-லேயே வீட்டுச் சங்கத்தாரிடம் முறையிட்டார். மேலே வர்ணம் பூசிக் கொள்ளும்படி பதில் கிடைத்தது. 2020 ஜூனில் வக்கீலை நாடினார். விளைவோ விபரீதமாயிற்று. வழக்கு என்று வந்துவிட்டால், வக்கீல்கள் உடன்படும் வரை வேலை தொடங்குவதில்லை என்பது சங்கத்தின் நடைமுறை! சுவரைச் செப்பனிடக் கேட்ட வழக்கே செப்பனிடாமைக்குச் சாக்காயிற்று. அவ்வாண்டு டிசம்பரில், இரண்டு வயது நிரம்பிய சில நாட்களில் குழந்தை இறந்தது. நெடுநாள் பூசணத்தைச் சுவாசித்ததால் விளைந்த நோயே காரணமென்று 2022 நவம்பரில் பிரேத விசாரணை அதிகாரி முடிவு கூறினார். குடும்பத்தாரின் பழக்கவழக்கங்கள் மீது பழியைச் சுமத்தியது தவறென்று சங்கமும் ஒப்புக்கொண்டது.

குழந்தையின் பெயராலேயே 'அவாப் சட்டம்' பிறந்தது. 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தில் பொது அமைப்புகளின் வாடகை வீடுகளுக்கு அது அமலாயிற்று. உடனடி ஆபத்தாயின் 24 மணி நேரத்தில் கவனிக்க வேண்டும்; கடுமையான ஓதமும் பூசணமும் இருந்தால் 10 வேலை நாட்களில் சோதித்து, அடுத்த 5 வேலை நாட்களில் ஆபத்தை அகற்ற வேண்டும். தனியார் வீடுகளுக்கும் இதனை விரிக்க 2025-ல் மற்றொரு சட்டம் வழிவகுத்தது.

இதன் சிறப்பு யாதெனில், குற்றம் யாருடையது என்னும் வாதத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, முதலில் சுவரைப் போய்ப் பார் என்று கட்டளையிடுவதுதான். நஷ்டஈட்டு வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கலாம். அதற்காகக் குழந்தை மூச்சு விடாமல் காத்திருக்க முடியுமா? இந்த எளிய நியாயம் சட்டப் புத்தகத்தில் ஏற ஓர் உயிரை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.