கற்பனை மொழியும் தத்துவப் பொருளும்

நம் மாணவருள் சிலர் 'கிளிக்கி' என்னும் மொழியிற் பேசி மகிழக் கேட்டு, பெரியோர் சிலர் முகஞ் சுளிக்கின்றனர். தமிழும் ஆங்கிலமும் பழுதறக் கற்க வேண்டிய காலத்தில், இல்லாத நாட்டின் இல்லாத மொழி எற்றுக்கு என்பது அவர்தம் வினா. வினா நியாயமானதே. ஆயினும், இதனை வீண் விளையாட்டென்று தள்ளிவிட நாம் உடன்படோம்.

2015ஆம் ஆண்டில் வெளிவந்த 'பாகுபலி' திரைப்படத்தில், காலகேயர் என்னும் போர்க்குடியினர் பேசுதற்பொருட்டுப் பாடலாசிரியர் மதன் கார்க்கி ஆக்கிய மொழி கிளிக்கி. ஏறக்குறைய 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்டு அது தோன்றிற்று. பின்னர் அன்பர் பலர் விரும்பிக் கற்கவே, 2020இல் தனக்கென எழுத்தும் பெற்று விரிந்தது. போர்க்களத்து முழக்கத்திற்கென்று பிறந்த மொழியில் தத்துவம் பேசல் கூடுமோ?

முயன்று பார்ப்போம். அம்மொழியில் 'மின்' என்பது நான். அதனைத் திருப்பிய 'நிம்' என்பது நீ. ஒலியைத் திருப்பினால் எதிர்ப்பொருள் பிறக்கும் என்பது கேட்க இனிது. ஆனால் நானும் நீயும் ஒன்றே என்னும் அத்துவிதக் கருத்தை, இருவரையும் எதிர்ச்சொற்களாக வைத்த மொழியில் எங்ஙனம் உரைப்பது? அறம் என்பதைப் பெயர்க்கப் புகின் இடர் இன்னும் பெரிது. கடமையா, ஈகையா, நீதியா, நல்லொழுக்கமா? அதற்கு எதிர்ச்சொல் மறம் எனின், மறம் பாவத்தையும் குறிக்கும், வீரத்தையும் குறிக்கும். வள்ளுவரோ அன்பு மறத்திற்கும் துணை என்றார். ஆகவே ஒலியைத் திருப்புதல் இங்குப் பயன்படாது. அறம் இன்னதென்று நாம் முதலில் தெளிதல் வேண்டும். தெளியாதவன் எம்மொழியிலும் அதனைப் பெயர்க்க மாட்டான்.

மேனாட்டிலும் இத்தகைய முயற்சி உண்டு. மார்க் ஒக்ராண்டு ஆக்கிய கிளிங்கன் மொழியில், ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தை அன்பர்கள் பெயர்த்து 1996இல் வெளியிட்டனர். 'இருத்தல்' என்னும் வினை அம்மொழியில் இல்லை. எனவே இருப்பதா இறப்பதா என்னும் அரசிளங்குமரனின் ஐயம், தொடர்வதா தொடராதொழிவதா என்று மாறிற்று. சொல்லின்மை ஒரு புதிய பொருளையே ஈன்றது!

இவ்விடர் நம் தமிழுக்கும் புதிதன்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு முதலாய மிஷனரிமார், வேதாகமத்தைத் தமிழாக்கிய காலை இதனையே எதிர்கொண்டனர். யோவான் சுவிசேஷத்தின் தொடக்கத்திலுள்ள கிரேக்கச் சொல், பேச்சையும் அறிவையும் ஒழுங்கையும் ஒருங்கே குறிப்பது. பின்வந்த தமிழ்ப் பெயர்ப்பில் அது 'வார்த்தை' ஆயிற்று. பேச்சு நின்றது, ஏனையவற்றை உரையாசிரியரே விளக்க வேண்டியதாயிற்று. 1916இல், நம் தருமபுரியும் சேலம் ஜில்லாவின் பகுதியாயிருந்த நாளில், இராஜகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் சேலத்தில் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை நிறுவி, சாஸ்திரங்களுக்குத் தமிழ்ச்சொல் தேடினர். தமிழில் முடியுமா என்று அன்றும் சிலர் ஐயுற்றிருப்பர். முயன்றோரால் அன்றோ இன்று நாம் பள்ளிகளிற் பௌதிகமும் இரசாயனமும் தமிழிற் கற்கின்றோம்!

எனவே, நம் குறை கிளிக்கி பயிலும் மாணவர்மீதன்று. கற்பனை மொழிக்கு ஒரு சொல் வேண்டி இரவெல்லாம் விழிப்போர், தத்துவ வகுப்பிலே தமிழ்ச்சொல் கிட்டாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே அப்படியே எழுதி அமைகின்றனரே என்பதே நம் வருத்தம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் இம்மாவட்டத்தில் பிறந்தோர்க்கு, ஒரு பொருளை மும்மொழியில் நிறுத்துப் பார்த்தல் அரிதன்று.

நண்பர்காள்! அறம் என்பதைக் காலகேயர்க்கு விளங்கச் சொல்லுங்கள், நாம் தடுக்கோம். அம்முயற்சியிற் பெற்ற தெளிவைத் தமிழுக்கும் கொணர்ந்து தாருங்கள். விளையாட்டிற் கூர்மையான வாள், வினைக்கும் உதவுக.