வகுப்பறையில் குஞ்சு பொரிக்கலாமா?

கேள்வி: ‘‘தொடக்கப் பள்ளி வகுப்பறையில் இன்குபேட்டர் வைத்து, கோழிக்குஞ்சு பொரிப்பதை மாணவர்களுக்குக் காட்ட முடியுமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?’’

- ஆசிரியை ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: ‘‘தாராளமாகச் செய்யலாம். ஆனால், பொரிக்கும் குஞ்சுகளை வளர்க்கப்போவது யார் என்பதை முட்டை வைப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். ஏறக்குறைய பாதி, சேவலாகத்தான் இருக்கும். அவற்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் கோழி வளர்ப்பாளர் கிடைத்த பிறகே தொடங்கவும்.

கடைகளில் விற்கும் பண்ணை முட்டை பொரிக்காது. சேவலோடு மேயும் நாட்டுக்கோழி இட்டு, ஒரு வாரத்துக்கு மேல் ஆகாத முட்டைகளே ஏற்றவை. பொரிக்க 21 நாள்கள் ஆகும். செவ்வாய்க்கிழமை வைத்தால், மூன்று வாரம் கழித்து செவ்வாயை ஒட்டிப் பொரிக்கும். அன்று மாணவர்களும் பள்ளியில் இருப்பார்கள்.

விசிறி உள்ள இன்குபேட்டரில் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 18-ம் நாள் வரை தினமும் 3 முதல் 5 முறை முட்டைகளைத் திருப்பிவிட வேண்டும். சனி, ஞாயிறுகளிலும் இதற்கு ஓர் ஆள் தேவை. 7-ம் நாள், இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் ரத்த நாளங்கள் சிலந்தி வலைபோலத் தெரியும். எதுவும் தெரியாத முட்டைகளை எடுத்துவிடலாம்.

18-ம் நாளுக்குப் பிறகு திருப்பக் கூடாது. தட்டில் தண்ணீர் ஊற்றி ஈரப்பதத்தைக் கூட்டி, மூடியைத் திறக்காமல் விட வேண்டும். ஆசையில் அடிக்கடி திறந்தால் உள்சவ்வு காய்ந்து, குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். எல்லா முட்டைகளும் பொரிக்காது என்பதையும் மாணவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஈரம் உலர்ந்த குஞ்சுகளை, பல்பு எரியும் கதகதப்பான பெட்டிக்கு மாற்றவும். குஞ்சைத் தொட்டவர்கள் சோப்பு போட்டுக் கைகழுவுவது கட்டாயம். சால்மோனெல்லா கிருமி பரவக்கூடும். குஞ்சுகளுக்கு 7-ம் நாள் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து கொடுக்கும்படி வளர்ப்பவரிடம் சொல்லி ஒப்படைக்கவும்.’’