கார் பாத்துக்கும் சார்!

இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா மனசுக்குள்ள குமுறிக்கிட்டு இருக்கிற ஒரு விசயத்தை இறக்கி வெச்சிடறேன். "ஹைபிரிட் கார் வாங்கலாமா?"ன்னு நம்ம பதிவுலக நண்பர் ஒருத்தர் கேக்கப்போய், ஆளாளுக்கு "கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கீங்க. கொஞ்சம் கண்ணைத் திறங்க மக்களே.

முதல்லயே சொல்லிடறேன், நான் ஹைபிரிட்டுக்கு எதிரி இல்ல. கைக்காசு கொஞ்சம், பேங்க் காசு நிறைய போட்டு வாங்கி ரெண்டு வருசமா ஓட்டிக்கிட்டு இருக்கேன். ஓ.எம்.ஆர். சிக்னல் சிக்னலா ஊர்ந்து போயும் லிட்டருக்கு 21 குடுக்குது. பங்க் பையனுக்கு என் முகமே மறந்து போச்சு. எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன். இது ஒரு கம்பெனியோட வியாதி இல்ல, அந்தக் குலத்துக்கே உள்ளது.

அந்த வியாதிக்குப் பேரு "கார் பாத்துக்கும் சார்".

டெலிவரி எடுத்த அன்னிக்கு ஷோரூம் தம்பிகிட்ட நான் கேட்ட எல்லாக் கேள்விக்கும் இதே பதில்தான். பேட்டரி எத்தனை பர்சன்ட் இருக்குன்னு எங்க தெரியும்? கார் பாத்துக்கும் சார். எஞ்சின் எப்போ ஓடணும்னு நான் சொல்ல முடியாதா? அதான் கார் பாத்துக்கும் சார்! ஈ.வி.ன்னு ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா பத்துக்கு எட்டு தடவை "இப்போது இயலாது"ன்னு சொல்லும். ஏன் இயலாதுன்னு சொல்லாது. இப்படி ஒரு எர்ரர் மெசேஜை நான் எழுதினா என் லீட் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாரு.

சரி, கார் எப்படிப் பாத்துக்கிச்சுன்னு கேளுங்க. போன வருசம் மூணு வாரம் ஆன்சைட் போயிருந்தேன், வண்டி அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல. நான் திரும்பி வந்த மறுநாள் காலைல ஏழு மணிக்கு அப்பாவுக்கு கண்புரை ஆபரேசன். அதுக்காகவே சேலத்துலேர்ந்து வந்திருந்தார். ஆறு மணிக்கு கீழ எறங்கினா வண்டி பொணம். சாவிக்கு கதவே திறக்கல. டாக்சி பிடிச்சு, அலைஞ்சு, லேட்டாப் போய், ஆபரேசன் ஒரு வாரம் தள்ளிப் போச்சு. வெறும் வயித்துல வந்த மனுசன் ஒண்ணும் சொல்லல. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

செத்துப்போனது பெரிய பேட்டரி இல்ல. அதுல பாதிக்கு மேல சார்ஜ் இருந்துச்சு. செத்தது சாதாரண 12 வோல்ட் பேட்டரி. கம்ப்யூட்டர்கள் கண் முழிக்கவும், பெரிய பேட்டரியை வண்டியோட சேக்கிற ரிலே மூடவும் அந்த 12 வோல்ட் வேணும். அது போச்சுன்னா களஞ்சியம் நிறைய நெல்லு இருந்தும் சாவியைத் தொலைச்சவன் கதைதான். நூத்துக்கணக்கான வோல்ட்டை முதுகுல சுமந்துக்கிட்டு 12 வோல்ட்டுக்குப் பக்கத்து வீட்டு ஆல்ட்டோகிட்ட பிச்சை எடுத்தோம்.

இதைச் சரி பண்ணவே முடியாதான்னா, முடியும். 2016ல் கொரியாவில் வந்த ஹூண்டாய் ஐயோனிக் ஹைபிரிட்ல 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ரொம்ப இறங்கறதுக்கு முன்னாடியே தன்னைத்தானே துண்டிச்சுக்கும். டாஷ்போர்டுல ஒரு பட்டன். அமுக்கினா மிச்சம் வெச்சிருந்த சார்ஜ்ல வண்டி எழுந்துக்கும். அவ்ளோதான் மேட்டர். நமக்கு இதைக் குடுக்க மாட்டாங்க, பத்து இஞ்ச் ஸ்க்ரீன் குடுப்பாங்க. அதுல பச்சை அம்புக்குறி எஞ்சின்லேர்ந்து சக்கரத்துக்கு ஓடும். 1997 டிசம்பர்ல ஜப்பான்ல வந்த முதல் பிரியஸ்லயே இந்த அம்புக்குறி படம் உண்டு. இத்தனை வருசத்துல படம் கலர் கலரா ஆனதுதான் முன்னேற்றம்!

அடுத்தது இன்னும் முக்கியம். நிறைய ஹைபிரிட்ல பெரிய பேட்டரியைக் குளிர வைக்கிறது நாம உக்காந்திருக்கிற ஏ.சி. காத்துதான். பின் சீட்டுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு ஓட்டை இருக்கும், உள்ளே ஒரு ஃபேன், முன்னாடி ஒரு வலை. எங்கம்மா ரெண்டு வருசமா அந்த ஓட்டைக்கு நேராத்தான் துணிப்பையை வெச்சுட்டு வர்றாங்க. மேனுவல்ல எங்கயோ ஒரு மூலைல எழுதியிருக்கு, வண்டி வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்ல. சர்வீஸ்ல வலையைச் சுத்தம் பண்ணச் சொன்னேன். "அப்படி ஒண்ணு இல்லியே சார்"னாங்க. மேனுவலைப் பிரிச்சுக் காட்டினப்புறம் கழட்டினாங்க. வந்த தூசியில ஒரு தலையணை தைக்கலாம்.

இதுக்கு ஏன் இவ்ளோ டென்சன்னு கேப்பீங்க. பெரிய பேட்டரிக்கு இங்க பொதுவா 8 வருசம் இல்லைன்னா 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி. என் லோன் 7 வருசம். லோன் முடிஞ்சு நான் நிம்மதியா மூச்சு விடற நேரம் பாத்து வாரண்டியும் முடியும். பேட்டரி சூட்டுலயே வெந்துக்கிட்டு இருந்தா, போறது என் காசு. பேட்டரி எவ்ளோ தேஞ்சிருக்குன்னு செல்போன் காட்டுது. இத்தனை லட்சம் ரூபா கார் ஏன் காட்டக் கூடாது? கணக்கு உள்ள இருக்கு சாமி, அவங்க கம்ப்யூட்டரை மாட்டினா தெரியுது. எனக்கு மட்டும்தான் ரகசியம்.

போன மாசம் ஏற்காடு போனோம். இறங்கும்போது இருபது கொண்டை ஊசியில பாதி தாண்டறதுக்குள்ள பேட்டரி நிரம்பிடுச்சு. அப்புறம் வர்ற சக்தியை எங்க கொட்டறதுன்னு தெரியாம எஞ்சினைச் சும்மா சுத்த விட்டு ஊளையிடுது வண்டி. "என்ன கண்ணு, வண்டி கத்துது?"ன்னு அம்மா பயந்துட்டாங்க. பொட்டி தட்டறவன் கணக்குப் போடறேன், பாருங்க. ஒன்றரை டன் வண்டி 1,200 மீட்டர் இறங்கினா கிட்டத்தட்ட 5 யூனிட் கரண்ட். காத்துலயும் டயர்லயும் பாதிக்கு மேல போனாலும் மிச்சம் நிறைய. இங்க விக்கிற கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டோட பேட்டரி 0.76 யூனிட், அதையும் முழுசா நிரப்ப விடாது. பெரிய பேட்டரி கேக்கல நான், விலை ஏறும். மலை வருதுன்னு மேப்புக்குத் தெரியும்ல? மேல தட்டையான ரோட்டுல போகும்போதே பேட்டரியைக் காலி பண்ணி வெச்சுக்கலாமே? அதுக்கு ஒரு புது நட்டு போல்ட்டும் வேணாம், சாஃப்ட்வேர்தான். இல்லையா, என்கிட்ட ஒரு பட்டன் குடுங்க, நானே காலி பண்ணிக்கிறேன்.

டிக்கி பத்தி அதிகம் பேசல, பேசினா அழுகை வரும். சாதாரண ஹோண்டா சிட்டில 506 லிட்டர், அதே சிட்டி ஹைபிரிட்ல 306. குடும்பத்தோட ஊருக்குப் போறவன் அரிசி மூட்டையை மடியில வெச்சுக்கணும்.

டிஸ்கி: ஆபரேசன் கதைக்கு அப்புறம் உசாராகி, 12 வோல்ட் ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கினேன். பெருமையா அப்பாகிட்ட காட்டிட்டு, டிக்கியில வெச்சு மூடினேன். முப்பது வருசம் டி.வி.எஸ். 50 ஓட்டின மனுசன், கறுப்புக் கண்ணாடியைக் கழட்டிட்டு ஒரு நிமிசம் என்னையே பாத்தார்.

"ஏண்டா, இந்த டிக்கி கரண்ட்லதான திறக்குது?"

நான் படிச்சது எலக்ட்ரிகல் எஞ்சினியரிங். அவ்வ்வ்வ்...