மன்னாரின் தண்ணீருக்காக மலையகமும் பேசவேண்டும்

"மன்னாரில் காற்றாலை வைத்தால் நமக்கென்ன?" அண்மையில் கிளைக் கூட்டமொன்றில் ஓர் அங்கத்தவர் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்விதான். சம்பளப் பிரச்சினை தீரவில்லை, வீட்டுக் காணிக்கு உறுதி கிடைக்கவில்லை. டித்வா புயலில் சரிந்த மலைகளின் கீழே இன்னும் பல லயங்களில் மக்கள் பயந்துகொண்டே படுத்து எழும்புகிறார்கள். இத்தனைக்கும் நடுவே தொலைவிலிருக்கும் ஒரு தீவைப் பற்றி நாம் ஏன் பேசவேண்டும்?

மன்னார் நமக்குத் தொலைவான இடமல்ல என்பதை முதலில் சொல்லவேண்டும். நம் முன்னோர் தோணியில் வந்திறங்கியது அந்தக் கரையில்தான். அங்கிருந்துதான் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். குடிக்கத் தண்ணீரின்றியும் வாந்திபேதியாலும் அந்தப் பாதையில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 1914 இல் தலைமன்னாருக்கு ரயில் வந்த பிறகும், வந்தவர்களும் திரும்பிப் போனவர்களும் அந்த வழியாகவே போய்வந்தார்கள். 2023 ஜூலை 28 இல் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12 இல் மாத்தளையில் முடிந்தது. அந்த நடையைத் தொடங்கிய கரையில் இன்று தண்ணீரே கேள்விக்குறியாகியிருக்கிறது.

அங்கே நடப்பது இதுதான். 2020 டிசெம்பரில் மின்சார சபையின் 'தம்பபவனி' காற்றாலைத் திட்டம் மன்னார் தீவின் தென்கரையில் திறக்கப்பட்டது. 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். அடுத்து, இந்தியாவின் அதானி நிறுவனத்துக்கு மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் திட்டம் கேள்விப்பத்திரம் இல்லாமலே கொடுக்கப்பட்டது. இந்தியப் பிரதமரின் அழுத்தத்தால் அது கொடுக்கப்பட்டது என்று மின்சார சபையின் அப்போதைய தலைவர் 2022 ஜூனில் பாராளுமன்றக் குழுவின் முன் சொன்னார். பிறகு அதை வாபஸ் வாங்கிப் பதவி விலகினார். மின்சாரத்தின் விலை பற்றிய இழுபறிக்குப் பின் 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் விலகிக்கொண்டது.

அத்தோடு முடியும் என்று மன்னார் மக்கள் நினைத்தார்கள். முடியவில்லை. 2025 ஓகஸ்டில் வேறு நிறுவனங்களின் காற்றாலைப் பாகங்களை ஏற்றிய பாரிய வாகனங்கள் தீவுக்கு வந்தபோது மக்கள் வீதியில் இறங்கினார்கள். மீனவர், பெண்கள், இளைஞர், மதகுருமார் என எல்லோரும் இரவு பகலாக நின்றார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்திவைத்தார். செப்டெம்பர் இறுதியில் பொலிஸ் பலத்தோடு வாகனங்கள் உள்ளே கொண்டுபோகப்பட்டன.

காற்றாலை ஒன்று மட்டும் என்றால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. தீவின் மணலில் இல்மனைட் இருக்கிறது. பெயின்டுக்கு வெள்ளை நிறம் கொடுக்கும் டைட்டேனியத்தை அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். ஆஸ்திரேலிய நிறுவனமொன்று பல ஆண்டுகளாக ஆய்வு அனுமதி எடுத்துக்கொண்டு தீவெங்கும் துளையிட்டிருக்கிறது. ஆய்வுக்கு வந்த அதிகாரிகளை மக்கள் பல தடவை மறித்துத் திருப்பியனுப்பியுள்ளனர். இதற்கும் அப்பால் கடலின் அடியில் எரிவாயு இருக்கிறது. 2011 இல் மன்னார்ப் படுகையில் தோண்டிய மூன்று கிணறுகளில் இரண்டில் அது கண்டுபிடிக்கப்பட்டது. தோண்டிய கெய்ர்ன் நிறுவனம் 2015 இல் போய்விட்டது. ஆனால் 2021 இல் புதிய பெற்றோலிய வளச் சட்டம் வந்தது. வேறு நிறுவனங்களை அழைக்கும் முயற்சியும் நிற்கவில்லை.

மேலே காற்று, தரையில் மணல், கடலடியில் எரிவாயு. மூன்றுக்கும் விலை பேசுகிறார்கள். இந்த மூன்றுக்கும் நடுவில் வாழும் மக்களின் தண்ணீரைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

தோட்டத்தில் ஊற்றுத் தண்ணீரையும் ஓடைத் தண்ணீரையும் பார்த்து வளர்ந்த நமக்கு மன்னாரின் தண்ணீர் எப்படிப்பட்டது என்று விளங்குவது கஷ்டம். தீவில் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்குகிறது. கீழே இருப்பது கடலின் உப்பு நீர். நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது என்பதால் உப்பு நீரின் மேல் எண்ணெய் போல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு உப்பை அது தள்ளிவைத்திருக்கும் என்பது நீரியலாளர் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால், கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரும். மணல்மேடுதான் இந்தத் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் தொட்டி. மணலை அள்ளுவது தொட்டியை உடைப்பதற்குச் சமம். ஒரு தடவை உப்பான கிணற்றை நிவாரணப் பணம் கொடுத்து நன்னீராக்க முடியாது.

தாழ்ந்த மண் என்பதால் வெள்ளம் வடிவதும் அங்கே சிரமம். காற்றாலைக்காகப் போட்ட வீதிகளும் அத்திவாரங்களும் மழைநீரின் வழியை மறித்துவிட்டன, முன்பு நிற்காத இடங்களில் இப்போது தண்ணீர் நிற்கிறது என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். டித்வா புயலில் நமக்கு மண் சரிந்தது, மன்னார் மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது.

பறவைகளைப் பற்றிப் பேசினால் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. மனிதருக்கே வழியில்லை, பறவைக்கு என்ன என்கிறார்கள். வடக்கே ஆசியக் கண்டமெங்கும் இருந்து குளிர்காலத்தில் தெற்கே வரும் பறவைகளுக்கு மன்னார் முக்கியமான தரிப்பிடம். அதனால்தான் வங்காலைச் சரணாலயம் 2010 இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது, இராமர் பாலத் திட்டுகள் 2015 இல் தேசியப் பூங்காவாயின. பறவை இறங்கும் கடல்நீரேரியில்தான் இறாலும் நண்டும் வளர்கின்றன. கடற்பசு மேயும் கடற்புல்லில்தான் மீன் குஞ்சு பொரிக்கிறது. கரையெங்கும் இந்தச் சேற்றையும் புல்லையும் நம்பித்தான் மீனவரின் அடுப்பு எரிகிறது. எல்லை தாண்டி வரும் இந்திய இழுவைப் படகுகள் ஏற்கெனவே அந்தக் கடலின் அடியைச் சுரண்டிவிட்டன. இதற்கு மேல் அங்கே எண்ணெயோ எரிவாயுவோ கசிந்தால் என்ன ஆகும்? 2021 இல் கொழும்புக்கு அப்பால் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு கப்பல். நூறு கோடி டொலர் நட்டஈடு கொடுக்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட நான்கு வருடம் சென்றது.

நாம் காற்று மின்சாரத்துக்கு எதிரிகள் அல்ல. நாடு எரிபொருள் வாங்கக் காசில்லாமல் 2022 இல் பட்ட பாட்டை நாமும் பட்டோம். மண்ணெண்ணெய் வரிசையில் நாமும் நின்றோம். காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கே எடுப்பது, யாரைக் கேட்டு எடுப்பது என்பதில்தான் நம் பேச்சு.

இது நமக்குப் பழக்கமான கதை. நாட்டுக்கு மின்சாரம் என்று சொல்லித்தான் மவுசாக்கலையில் அணை கட்டினார்கள். பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வரட்சியில் நீர் இறங்கும்போது அந்தக் கோயிலை நம் பிள்ளைகள் இப்போதும் வேடிக்கை பார்க்கிறார்கள். மேல் கொத்மலைத் திட்டத்தை மலையகம் வருடக்கணக்கில் எதிர்த்தது. 2012 இல் 150 மெகாவாட் மின்நிலையம் திறக்கப்பட்டது, சென்கிளேயர் அருவி மெலிந்தது, தலவாக்கலையில் குடும்பங்கள் இடம் மாறின. மலையின் தண்ணீரில் கொழும்பு ஒளிர்ந்த காலத்தில் எத்தனை லயங்களில் குப்பிவிளக்கு எரிந்தது என்பது நமக்குத் தெரியும். இன்று மன்னார் மீனவர் கேட்பதும் அன்று நாம் கேட்டதும் ஒன்றுதான்: எங்களிடம் ஏன் கேட்கவில்லை?

கேட்பதற்கு ஒரு சபையும் இல்லை. வடமாகாண சபையின் காலமும் மத்திய மாகாண சபையின் காலமும் 2018 ஒக்டோபரில் முடிந்தன. அதற்குப் பின் தேர்தல் நடக்கவில்லை. ஆளுநரும் கொழும்பு அமைச்சும் நிறுவனமும் மேசையில் இருக்கிறார்கள். மக்கள் வீதியில் நிற்கிறார்கள்.

ஆகவே எமது நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்கிறோம்.

ஒன்று, மன்னார் தீவில் கனிய மணல் அகழ்வு கூடாது. ஆய்வு அனுமதிகளும் இரத்தாக வேண்டும். தண்ணீர்த் தொட்டியை உடைக்கும் வேலையில் பேரம் பேச ஏதுமில்லை.

இரண்டு, காற்றாலை, மணல், எரிவாயு ஆகியவற்றைத் தனித்தனிக் கோப்பாகப் பார்ப்பதை நிறுத்தவேண்டும். ஒவ்வொரு திட்டமும் தன்னளவில் பாதிப்புக் குறைவு என்றுதான் எழுதிக்கொண்டு வரும். எல்லாம் சேர்ந்தால் அந்தச் சிறிய தீவு தாங்குமா என்று ஒரே மதிப்பீட்டில் பார்க்கவேண்டும். அது முடியும்வரை தீவுக்குள் புதிய காற்றாலை வேண்டாம், கடலில் புதிய உடன்படிக்கையும் வேண்டாம்.

மூன்று, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்குக் கருத்துச் சொல்லச் சட்டம் மக்களுக்கு 30 வேலை நாட்கள் தருகிறது. அந்த அறிக்கை நல்ல தமிழில் கிராம சேவகர் அலுவலகம் வரை வரவேண்டும். கருத்துக் கேட்பது சடங்காக இல்லாமல், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதில் இருக்கவேண்டும். மாகாண சபைத் தேர்தலும் உடனே நடக்கவேண்டும்.

கிளைத் தலைவர்களிடமும் மாதர் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். தீர்மானம் எடுத்துத் தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அவற்றைச் சேர்த்து நாம் அமைச்சுக்கும், மன்னாரில் போராடும் மக்களுக்கும் அனுப்புவோம். நாளை நம் மலையில் இன்னொரு அணைக்கோ சுரங்கத்துக்கோ அளவுக்கல் நடும்போது, மன்னாரிலிருந்தும் நமக்காக ஒரு குரல் வரவேண்டும். அதைக் கேட்கும் உரிமை, இன்று நாம் பேசினால்தான் நமக்கு உண்டு.