எளிமை யாருக்குப் பாடம்?

"ஏழையே, பொறுத்திரு! மேலுலகம் உனக்காகக் காத்திருக்கிறது!" காலமெல்லாம் கேட்டுப் புளித்த குரல் இது. கோயிலிலே கேட்டோம், மடத்திலே கேட்டோம், மாதா கோவில் மேடையிலும் கேட்டோம். சொல்பவர் வயிறு நிறைந்திருக்கும். கேட்பவர் வயிறு ஒட்டியிருக்கும்!

ஆனால், தோழர்களே, ஏசுநாதர் சொன்னது இதுதானா? உள்ளத்திலே எளியவரைப் பேறு பெற்றோர் என்று எழுதுகிறார் மத்தேயு. லூக்காவோ உள்ளம் என்ற திரையைப் போடவில்லை. ஏழைகள் என்றே எழுதுகிறார். அதோடு நிற்காமல், செல்வருக்கு எச்சரிக்கையும் விடுகிறார்! இரண்டையும் சேர்த்துப் படித்தால் விளங்குவது என்ன? உள்ளத்தின் எளிமை, உள்ளவனுக்கு வைத்த பாடம். இல்லாதவனுக்குப் பூட்டிய விலங்கல்ல! பிடித்த பிடியைத் தளர்த்து என்ற பேச்சை, பிடிக்க ஏதுமற்றவனிடமா பேசுவது?

கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் வரும் தோழர்கள், குரோம்பேட்டையை அடுத்து ஒரு பெயர்ப்பலகையைக் காண்பர்: தாம்பரம் சானடோரியம். அந்தப் பெயருக்குக் காரணமானவர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து என்ற மருத்துவர். பெயரிலேயே விவிலியத்தைச் சுமந்தவர்! இங்கிலாந்திலே, மெண்டிப் குன்றுகளிலே காசநோய் மருத்துவமனை நடத்தியவர். அங்கேயே இருந்திருக்கலாம், வந்தார். 1928ல் தாம்பரத்திலே 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கினார். காசநோயைக் கொல்லும் மருந்தே இல்லாத காலம். தூய காற்று, ஓய்வு, நல்லுணவு, இவையே வைத்தியம்! தட்டைத் தனியே வைத்து, பாயைத் திண்ணையிலே போட்டு ஊர் ஒதுக்கிய நோயாளிக்கு, அருகே வந்து நாடி பார்க்க ஒரு கை கிடைத்தது.

அது இரக்கம்; போற்றுகிறோம்! ஆனால் ஒருவர் இரக்கம் 12 படுக்கையோடு நின்றுவிடும். நோயாளிகளோ ஆயிரம் ஆயிரம். 1937ல் அரசு அந்த மருத்துவமனையை ஏற்றது. அன்று இரக்கம் கடமையாயிற்று! கும்பிட்டுப் பெற்றதைக் கேட்டுப் பெற வழி பிறந்தது!

சரி, மாதக்கணக்கிலே படுக்கையிலே கிடந்தால், தொழிலாளி வீட்டிலே அடுப்பு எரியுமா? அதற்கும் விடை சென்னையிலேயே கிடைத்தது. 1956ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நகரத்து ஏழை நோயாளிகளிடமே ஆராய்ந்து, 1959ல் உலகுக்குச் சொன்னது: முறையாக மருந்துண்டால், குடிசையிலே இருப்பவனும் சானடோரியத்திலே இருப்பவனுக்கு ஈடாகக் குணமடைவான்! ஏழை எப்படி வாழ்கிறான் என்று பார்த்துச் செய்த மருத்துவம் அது. இரக்கத்துக்குக் கண் திறந்தது என்போம்!

எய்ட்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே ஒதுங்கி ஓடிய நாட்களிலே, 1993ல், அந்நோயாளிகளுக்குக் கதவைத் திறந்ததும் இதே தாம்பரம் மருத்துவமனைதான். "என்ன பாவம் செய்தாய்?" என்பதல்ல, "எங்கே வலிக்கிறது?" என்பதே மருத்துவத்தின் கேள்வி!

இறுதித் தீர்ப்பு நாளின் கேள்விகளையும் மத்தேயு எழுதிவைத்திருக்கிறார். பசித்தவனுக்குச் சோறு, நோயாளிக்குத் துணை, இவை பற்றித்தான் விசாரணை. எத்தனை முறை தொழுதாய் என்ற கேள்வியே அங்கில்லை! மோட்சத்தை நம்புவோரும் நம்பாதோரும் ஒருசேர ஏற்கத்தக்க விசாரணை அது.

ஆகவே, நமக்கு எளிமையைப் போதிக்க வருவோரிடம் பணிவோடு சொல்வோம்: ஐயா, அந்தப் பாடத்தை மாளிகை வாசலிலே நடத்துங்கள்! நாம் கேட்பது புண்ணியத்துக்கு வீசும் காசல்ல. மருந்து, கூலி, மானம்! கும்பிட்ட கை நிமிரட்டும். கொடுக்கும் கை பணியட்டும்!