மருந்தாளுநர் ஊசி போடலாமா? போடலாம், ஆனால் நிபந்தனையோடு!



ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் வயதானவர்கள் மட்டுமே இருக்கும் வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், வெளிநாட்டில். "ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போட்டுக்குங்க" என்று டாக்டர் எழுதிக் கொடுக்கிறார். அப்புறம் என்ன நடக்குது?

குழந்தைகளுக்கு அரசு இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது. முதியோருக்கான இந்த இரண்டு ஊசியும் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. மெடிக்கலில் காசு கொடுத்து வாங்கணும். ஐஸ் பேக் வைத்த கவரில் தருவாங்க. அதைத் தூக்கிக்கிட்டு ஆட்டோ பிடிச்சு, கிளினிக்கில் டோக்கன் போட்டு உட்காரணும். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து, திருச்சி வெயிலில் ஒரு முதியவர் கையில்! "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று பலர் விட்டுவிடுவதில் என்ன ஆச்சரியம்?

மருந்து வைத்திருக்கும் ஃப்ரிட்ஜ் கடையில் இருக்கிறது. மருந்தைப் பற்றிப் படித்தவரும் கடையில் இருக்கிறார். அங்கேயே ஊசி போட்டால் என்ன?

சட்டம் இதற்குத் தெளிவாக வழிவிடவில்லை. 1948 மருந்தியல் சட்டமும் 2015 மருந்தியல் நடைமுறை விதிகளும் மருந்தாளுநரின் வேலையாகச் சொல்வது மருந்து வழங்குவதையும் நோயாளிக்கு விளக்கம் சொல்வதையும்தான். ஊசி போடும் அதிகாரம் அதில் எழுதப்படவில்லை.

ஆனால் நெருக்கடி வந்தபோது அதே மத்திய அரசு என்ன செய்தது? 2020 டிசம்பரில் வந்த கொரோனா தடுப்பூசி வழிகாட்டுதலைப் பாருங்கள். யார் ஊசி போடலாம் என்ற பட்டியலில் மருத்துவர், செவிலியரோடு மருந்தாளுநர் பெயரும் இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் தகுதியானவர், பெருந்தொற்று முடிந்ததும் தகுதி இழந்துவிட்டாரா?

போர்ச்சுகலில் 2007 முதல் மருந்தாளுநர்கள் ஃப்ளூ ஊசி போடுகிறார்கள். இங்கிலாந்தில் 2015 முதல் அரசுத் திட்டத்தின் கீழேயே போடுகிறார்கள். முதலில் பயிற்சி, அப்புறம்தான் ஊசி என்பது அங்கே விதி.

"ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?" என்று மருத்துவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு பச்சிளம் குழந்தைகள் இறந்ததைத் தமிழ்நாடு மறக்க முடியாது. அதன் பிறகு கிராமத்துக்கே வந்துகொண்டிருந்த தடுப்பூசி, மருத்துவர் இருக்கும் நிலையங்களுக்கு மாற்றப்பட்டது. காரணம் புரிகிறது. ஆனால் தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லும் கணக்கையும் பாருங்கள்: முழுமையாகத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 2005-06ல் நூற்றுக்குச் சுமார் 81 பேர், 2015-16ல் சுமார் 70 பேர். பிறகுதான் 2019-21ல் 89 ஆக ஏறியது. தூரம் மட்டுமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஊசி தூரமாகப் போனால் அதற்கும் ஒரு விலை உண்டு. பாதுகாப்பு இல்லாத ஊசியும் ஆபத்து, எட்டாத ஊசியும் ஆபத்து.

இன்னொரு உண்மையையும் பேசியாகணும். சில கடைகளில் சுவரில் தொங்குவது ஒருவரின் சான்றிதழ், கவுண்டரில் நிற்பது வேறொருவர். இந்த வாடகைச் சான்றிதழ் வியாபாரத்தை வைத்துக்கொண்டு ஊசி அனுமதி கொடுத்தால், அது மருந்தாளுநருக்குக் கொடுத்த அனுமதி ஆகாது. கவுண்டரில் நிற்கும் யாருக்கோ கொடுத்த அனுமதி ஆகிவிடும். கடைக்காரர்களுக்குக் கசந்தாலும் நாம் இதைச் சொல்லித்தான் ஆகணும்.

அதனால் நம் கோரிக்கைகள் இவை:

1. பெரியவர்களுக்கான தடுப்பூசி மட்டும், மருத்துவர் சீட்டோடு மட்டும். குழந்தைகள் ஊசி இப்போது இருக்கும் இடத்திலேயே தொடரட்டும். "காய்ச்சலுக்கு ஒரு ஊசி போடுங்க" என்பதற்கு இதில் இடமே இல்லை.

2. பயிற்சி முடித்துச் சான்று பெற்ற மருந்தாளுநர் மட்டுமே ஊசி போட வேண்டும். அவர் கடையில் இல்லாத நேரம் ஊசியும் இல்லை.

3. ஒவ்வாமை வந்தால் உடனே கொடுக்க அட்ரினலின் கையிருப்பு, அதைக் கொடுக்கச் சட்டப்படி அதிகாரம், கொரோனா ஊசிக்கு இருந்தது போல அரை மணி நேரம் உட்கார ஒரு இடம். இதெல்லாம் இல்லாத கடைக்கு அனுமதி வேண்டாம்.

4. போட்ட ஒவ்வொரு ஊசியும், அதன் பேட்ச் எண்ணோடு, அரசுப் பதிவில் ஏற வேண்டும்.

5. தனியார் கடைக்குப் போகும் முன், அரசு மருந்தாளுநர்களை வைத்து ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனையிலும் மாநகராட்சி சுகாதார நிலையங்களிலும் ஒரு வருடம் நடத்திப் பாருங்கள். முதியோருக்கு இலவசமாகப் போடுங்கள். முடிவை மக்கள் முன் வையுங்கள்.

ஒரு விஷயத்தில் குழப்பம் வேண்டாம். நாய் கடித்தால் மெடிக்கல் வாசலில் நிற்காதீங்க. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, நேரே புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து அரசு சுகாதார நிலையத்துக்கோ போங்க. காயத்தைப் பார்த்து எந்த ஊசி என்று மருத்துவர்தான் முடிவு செய்யணும்.

தோழர்களே, சட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கு மருந்து வாங்கப் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கே மருந்தாளுநர் யாருங்க?" பெயரும் பதிவு எண்ணும் உள்ள பேட்ஜ் அணிய வேண்டும் என்று 2015 விதியே சொல்கிறது. உறையூரில், தில்லைநகரில், திருவானைக்காவலில், ஸ்ரீரங்கத்தில் எல்லாரும் கேட்க ஆரம்பித்தால், சான்றிதழுக்குச் சொந்தக்காரர் கவுண்டருக்கு வந்துதான் ஆகணும். அவர் வந்த பிறகு, அவர் கையில் ஊசியைக் கொடுக்கச் சொல்லி நாம் சேர்ந்து போராடுவோம்.

படித்துவிட்டுப் பகிருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் வாசித்துக் காட்டுங்கள்.

#முதியோருக்கும்_தடுப்பூசி
#மருந்தாளுநர்_எங்கே